கொல்லாவிளையில் ஒரு மனை

திருவனந்தபுரம்,
12-2-1950.

அன்புள்ள அண்ணனுக்கும் மைனிக்கும் பொன்னம்மை வணங்கி எழுதுவது.

இங்கே நானும் அத்தானும் குழந்தை பகவதியும் சுகம். சுசீந்திரத்தில் கும்பப்பூ நெல் அறுப்புக்கு ஆள் கிடைத்ததா? களத்தில் நின்றால் அண்ணனுக்கு முழங்கால் வலி வந்துவிடுமே, இந்த வருஷம் எப்படி இருக்கிறது?

உலகம்மை கல்யாணத்துக்கு நான் வராமல் போனதை நினைக்காத நாள் இல்லை. மணவறையில் விளக்குப் பிடிக்க வேண்டிய அத்தை இல்லாமல் ஒரு கல்யாணமா? பகவதிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்ததால்தான் அத்தானை மட்டும் அனுப்பினேன். அதை அவரே உங்களிடம் சொல்லியிருப்பார். கார்த்திகையிலும் மார்கழியிலும் நான் கடிதம் போடவில்லை. கண்ணில் கொஞ்சம் உறுத்தல் இருந்தது. இப்போது சரியாகிவிட்டது.

ஒரு முக்கியமான காரியம் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். ஆரியசாலையில் நாங்கள் இருக்கும் இந்த வீட்டை அப்பா நம் இரண்டு பேர் பேரிலும் வாங்கிப் போட்டார். அதை விற்றுவிட்டு ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்கலாம் என்று அத்தானும் நானும் நினைக்கிறோம். உங்கள் கையெழுத்து இல்லாமல் முடியாது.

காரணம் உங்களுக்கே தெரியும். வரிசைவீடு. இந்த வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். நடு வீட்டில் ஒருவர் இருமினால் இரண்டு பக்கமும் தூக்கம் கெடும். முன்வாசலையும் புறவாசலையும் விட்டால் காற்று நுழைய வழி கிடையாது. ஐப்பசியில் அம்மை நோய் தெருவின் கிழக்கு முனையில் நுழைந்து ஒரு வீடு விடாமல் நடந்து மேற்கு முனையில் வெளியே போனது. எத்தனையோ பேரைக் கொண்டுபோய்விட்டது. எங்களைப் பகவான் காப்பாற்றினார். ஆனாலும் இந்தச் சுவர்களுக்குள் இனி என்னால் இருக்க முடியாது.

பூஜப்புரை தாண்டி, திருமலைக்குப் போகிற வழியில் கொல்லாவிளை என்று ஒரு குன்று இருக்கிறது. அதில் சர்க்கார் மனை பிரித்துக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் நாலு பக்கமும் இடம் விட்டுத்தான் கட்டவேண்டும் என்று சட்டமாம். அங்கே ஒரு மனை எங்களுக்கு வேண்டும். மறுக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மைனியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் தங்கை,
பொன்னம்மை.

சுசீந்திரம்,
1-3-1950.

சௌபாக்கியவதி பொன்னம்மைக்கு, அண்ணன் தாணுமாலயன் ஆசீர்வாதம்.

இங்கே அனைவரும் நலம். அறுப்பு பாதி ஆயிற்று. முழங்கால் வலி இருக்கிறது, நடக்கிறேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாகச் சாப்பிடு. தினம் ஒரு இளநீர் குடி.

கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் தங்கமான மனுஷர்கள். உலகம்மை ஆளூரில் நன்றாக இருக்கிறாள். விளக்குப் பிடிக்க மைனியின் தங்கை எழுந்து வந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கை ஏற்றி மணையோரமாக வைத்துவிட்டோம். அது உன் இடம், அப்படியே இருக்கட்டும்.

பஸ் டிரைவர் கையில் ஒரு தூக்கு முந்திரிக்கொத்து கொடுத்தனுப்பியிருக்கிறேன். பகவதிக்குப் பிடிக்கும்.

வீட்டை விற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்பா நமக்காகத்தான் வாங்கினார், சுவருக்காக வாங்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் மனை பார். ஆனால் கொல்லாவிளை வேண்டாம். அதற்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன். மேட்டு நிலம், கிணறு ஆழமாகத் தோண்டவேண்டியிருக்கும்.

தாணுமாலயன்.

திருவனந்தபுரம்,
16-3-1950.

அன்புள்ள அண்ணனுக்குப் பொன்னம்மையின் வணக்கம். எல்லோரும் சுகம். முந்திரிக்கொத்து வந்தது. பகவதியும் அத்தானும் போட்டி போட்டுத் தின்றார்கள்.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ஏன் கல்யாணத்துக்கு வரவில்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோபித்துத் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். விளக்கை யாருக்கும் கொடுக்காமல் வைத்தீர்களே, அதைப் படித்து வாய்விட்டு அழுதேன். அப்படிப்பட்ட அண்ணன் கொல்லாவிளைக்கு மட்டும் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

கிணறு ஆழம்தான். தண்ணீர் கல்கண்டு மாதிரி இருக்கும். உங்கள் காதில் யாராவது போட்டிருக்கலாம், நானே சொல்லிவிடுகிறேன். அந்தக் குன்றின் உச்சியில்தான் வசூரிப்புரை இருந்தது. அம்மை கண்டவர்களைத் தனியாகக் கொண்டுபோய்க் கிடத்துகிற கொட்டகை. தை பிறந்ததும் அதை மூடிவிட்டார்கள். ஓலையை எல்லாம் எரித்துச் சுண்ணாம்பு தூவியாகிவிட்டது. ஓவர்சியர் அழகியநம்பி என்பவர் சங்கிலி பிடித்துப் பாதைக்குக் கல் நட்டிருக்கிறார்.

இந்த நாலு மாசத்தில் ஊரே இடம் மாறுகிறது அண்ணா. எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. மரச்சீனிக் கிழங்கு போட்டிருந்த மேடெல்லாம் கயிறு கட்டி அளக்கிறார்கள். வெட்டுக்கல் ஏற்றிய மாட்டுவண்டிகள் பூஜப்புரைச் சாலையில் வரிசையாகப் போகின்றன. கல்யாண வீட்டில்கூட “நாலு பக்கமும் ஜன்னல் வச்ச வீடு” என்பதுதான் பேச்சு. குத்தகைக்கு மரச்சீனி போட்டவர்கள் பாவம், இன்னும் கிழக்கே தள்ளிப் போகிறார்கள். மற்ற இடங்களில் மனை தீர்ந்துவிட்டது. கொல்லாவிளையில் மட்டும்தான் ஒருவரும் தொடவில்லை. பயம்.

அத்தானிடம் சொன்னால் சிரிக்கிறார். “பேரிலேயே கொல்லாதுன்னு எழுதி ஒட்டியிருக்கு, பின்ன என்ன பயம்?” என்கிறார். முந்திரி காய்க்கிற கொல்லா மரம் நிறைய நிற்பதால் வந்த பேர், வேறொன்றுமில்லை.

அங்கே செல்லபாய் என்று ஒரு அம்மாள் இருக்கிறாள். பாறசாலைப் பக்கம். வசூரிப்புரையில் ஊழியம் பார்த்தவள். கொட்டகை போனபிறகும் அங்கேயே ஒரு குடிசையில் இருக்கிறாள். அப்படி ஒருத்தி பக்கத்தில் இருந்தால் எனக்கு வேறு துணை வேண்டாம்.

யோசித்து எழுதுங்கள்.

பொன்னம்மை.

சுசீந்திரம்,
2-4-1950.

பொன்னம்மைக்கு ஆசீர்வாதம். நலம், நலமறிய ஆவல்.

சாஸ்தமங்கலத்தில் பார். பேரூர்க்கடையில் பார். நேமத்தில் எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார். ஊரார் சொல்வதற்குப் பயந்து நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் குன்றை நினைத்தாலே எனக்கு நெஞ்சு கனத்துப்போகிறது. அதன்மேல் நீ தினமும் எழுந்து கோலம் போடுவதை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. காரணம் கேட்காதே.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடு. வெயிலில் அலையாதே.

தாணுமாலயன்.

திருவனந்தபுரம்,
20-6-1950.

என் அருமை அண்ணனுக்கு,

உங்கள் பாதத்தைத் தொட்டு பொன்னம்மை எழுதுகிறேன். இரண்டு மாசத்துக்குமேல் பதில் போடாமல் இருந்துவிட்டேன். எண்ணெய்க் குளியல் பற்றி நீங்கள் எழுதியது எனக்குள் என்னவோ செய்தது. அம்மை இறங்கினவர்களுக்குத்தானே அப்படிச் சொல்வார்கள்? தெரிந்திருக்குமோ, இருக்காது என்று மாறி மாறி நினைத்து, பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன்.

முந்தாநாள் செல்லபாய் வீட்டுக்கு வந்திருந்தாள். கொல்லாவிளைக்கு அண்ணன் சம்மதிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

“பின்னே எப்படி சம்மதிப்பாரு? அன்னைக்கு அந்த வாசல்ல நின்ன நிலையைக் கண்டவ நானில்லியா? உங்க அண்ணனை நானில்லியா திரிச்சு அனுப்பினேன்!”

உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் விடவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? என் வாயால் நானே சொல்கிறேன்.

ஐப்பசியில் அம்மை குத்த ஆள் வந்தபோது எனக்கு உடம்பு சரியில்லை. அடுத்த தடவை ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன். அடுத்த தடவைக்குள் அது வந்துவிட்டது. மூன்று நாள் காய்ச்சல், பிறகு உடம்பெல்லாம் முத்து. நான் முனகுவது சுவர் வழியே கேட்டு இரண்டு பக்கத்து வீட்டாரும் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. பிள்ளைகள் இருக்கிற வீடு. பகவதியைக் கரமனையில் இருக்கும் அத்தானின் அக்காள் வந்து தூக்கிக்கொண்டு போனாள். என்னை மூடுவண்டியில் ஏற்றினார்கள். வண்டிக்குப் பின்னாலேயே அத்தான் நடந்து வந்தார். குன்றின் அடிவாரத்தில் அவரை நிறுத்திவிட்டார்கள். அவர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது மேலே போகும்வரை கேட்டது.

உள்ளே போனதும் கண் வீங்கி மூடிவிட்டது. அதனால் செல்லபாயை முதலில் நான் பார்க்கவில்லை. குரல்தான் தெரியும்.

“பேடிக்காண்டாம் மோளே, ஒரு பயமும் வேண்டாம். எனக்குச் சின்னதிலே வந்துபோச்சு. இனி அது என்னை ஒண்ணும் செய்யாது. நான் இங்கேதான் இருப்பேன்.”

வாழையிலை விரித்து அதில் கிடத்தினாள். ஈ மொய்க்காமல் வேப்பங்குலையால் வீசுவாள். வாயெல்லாம் புண், விழுங்க முடியாது. துணியைத் திரித்துக் கஞ்சித்தண்ணீரில் நனைத்து உதட்டில் பிழிவாள். அவள் கையால் குடித்ததற்கு, அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, எனக்குத் தெரியாது. குடித்தேன். எனக்கு அது அமிர்தமாக இருந்தது. அடுத்த பாயில் சாலைக்கடைச் சந்தைப் பெண் ஒருத்தி. விடிந்தபோது அவள் சத்தம் இல்லை. “அவளைக் கர்த்தர் கூட்டிட்டாரு, நீ கஞ்சியைக் குடி” என்றாள் செல்லபாய். குரலில் அழுகை இருந்தது, துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

கண் திறந்த அன்று நான் முதலில் பார்த்தது ஒரு கொல்லா மரம். அரைச்சுவருக்கு மேலே எல்லாம் திறந்தவெளி. ஒரு பக்கம் காற்று உள்ளே வந்து மறுபக்கம் போகிறது. தூரத்தில் கோவில் கோபுரம், அதற்கும் அப்பால் கடல் ஒரு கோடு மாதிரி. நான் பிழைத்துவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அண்ணா, நீங்கள் அந்தக் குன்றில் சாவைப் பார்த்தீர்கள். எனக்கு உயிர் திரும்பக் கிடைத்த இடம் அது. அதை எல்லோரும் பயந்து ஒதுக்குகிற இடமாக விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

உங்களிடம் மறைத்ததற்கு ஒரே காரணம் உலகம்மைதான். அத்தைக்கு வசூரி என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கியிருப்பார்கள். பிறகு மறைத்ததற்குக் காரணம் என் முகம். அது பழைய முகம் இல்லை. நீங்கள் பார்த்தால் தாங்கமாட்டீர்கள் என்று நினைத்தேன்.

தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வேன்?

பொன்னம்மை.

சுசீந்திரம்,
1-7-1950.

என் தங்கை பொன்னம்மைக்கு அண்ணன் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதத்தை மைனிக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டேன். மீதியை அவளே எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

சாலைக்கடையில் மூட்டை தூக்கும் நம்மூர் ஆள் ஒருவன் கார்த்திகையில் வந்து சொன்னான். நானும் மைனியும் அன்றே அம்மை குத்திக்கொண்டு பஸ் ஏறினோம். உன் மாப்பிள்ளைக்குக்கூடச் சொல்லவில்லை. குன்றின்மேல் ஏறி வேலி வாசலுக்கு வரும்போது உள்ளேயிருந்து ஒரு கைவண்டி வெளியே வந்தது. பாயால் மூடியிருந்தது. ஒரு பெண்ணின் கால் மட்டும் தெரிந்தது. யார் என்று தள்ளுகிறவர்களிடம் கேட்டேன். பேர் தெரியாது என்றார்கள்.

செல்லபாய் வெளியே வரும்வரை நான் எப்படி நின்றேன் என்று எனக்கே தெரியாது. மைனி தரையில் உட்கார்ந்துவிட்டாள். உன் பேரைச் சொன்னதும் அந்த அம்மாள் எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். “அது உங்க ஆளு இல்லை, உங்க தங்கச்சி கஞ்சி குடிச்சிட்டுக் கிடக்கு” என்றாள். உள்ளே போகிறேன் என்றேன். கையை விரித்துத் தடுத்தாள். “கல்யாணம் முடியது வரைக்கும் அண்ணன் அறியப்பிடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கு. அந்தப் பிடிவாதத்திலதான் உயிர் நிக்குது. நீங்க இப்போ உள்ளே போனா அது தளர்ந்துபோகும். போய்க் கல்யாணத்தை நடத்துங்க” என்றாள்.

அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கும் தெரியாது. நான் என்ன செய்தேன் என்று தெரியும். அவளைக் கைகூப்பிக் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

கல்யாணத்தில் உன் மாப்பிள்ளை, “பகவதிக்குக் காய்ச்சல் மச்சான்” என்று காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் மேலே கேட்கவில்லை.

அந்த வாசலும் கைவண்டியும்தான் என் கண்ணில் நின்றன. அதனால்தான் வேண்டாம் என்றேன். உள்ளே நீ கண் திறந்து மரத்தைப் பார்த்தது எனக்குத் தெரியாதே.

கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். எனக்கு ஒரு ஆசை. வீட்டில் என் பாதிக்கு வருகிறதை நான் தொடமாட்டேன். அதற்கு உன் மனைக்குப் பக்கத்து மனையை வாங்கி செல்லபாய் பேரில் எழுதிவிடு. வேண்டாம் என்று சொல்ல விடாதே.

ஆசீர்வாதத்துடன்,
தாணுமாலயன்.

திருவனந்தபுரம்,
8-10-1950.

அன்புள்ள அண்ணனுக்கும் மைனிக்கும் வணக்கம். நாங்கள் சுகம். உங்கள் தயவால் இரண்டு மனையும் நம்முடையவை ஆகிவிட்டன. வீடு ஜன்னல் மட்டத்துக்கு வந்திருக்கிறது. கொத்தனார் தாசையன் நல்ல வேலைக்காரர். அவர் மனைவி ராஜபாய் சித்தாள் வேலை பார்க்கிறாள். அங்கேயே ஒரு ஓலைப்புரை போட்டுத் தங்கியிருக்கிறார்கள். நாங்கள் கல் நட்டதைப் பார்த்து இன்னும் சிலர் துணிந்து வந்துவிட்டார்கள். ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்திலிருந்து சேஷன் என்ற பென்ஷன்காரர் எங்களுக்கு எதிர்மனை வாங்கியிருக்கிறார்.

ஆனால் செல்லபாய் மசியவில்லை. விழிஞ்ஞத்தில் கடற்கரைக் குடிசைகளில் வாந்திபேதி. அங்கே ஊழியத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகப்போகிறாள். மனைப் பத்திரத்தைக் காட்டினேன். கையில் வாங்கவேயில்லை.

“எனக்கு எதுக்கம்மா மனை? ஒத்தைக்கட்டை. அண்ணன் தந்த மனசு போதும். அதிலே ஒரு கிணறு தோண்டிப் போட்டு, இடத்தைச் சும்மா விடுங்க.”

“சும்மா விட்டு என்ன செய்ய?” என்றேன்.

“இதுமாதிரி தீனம் இனியும் வரும். அப்போ ஆளுகளை எங்கே கொண்டு கிடத்துவீங்க? எல்லாத்திலேயும் வீடு கட்டியாச்சுன்னா திரும்பவும் சுவரோட சுவரா நெருக்கத்தானே செய்வீங்க?”

சேஷன் அந்த மனையை மாட்டுத்தொழுவத்துக்குக் கேட்கிறார். தெருவுக்குப் பொதுவாக எழுதிவைக்கலாம், ஆனால் உரிமைக்காரர் மனசோடு செய்யவேண்டும் என்கிறார் ஓவர்சியர். உரிமைக்காரர் நீங்கள். என்ன செய்யட்டும்?

பொன்னம்மை.

சுசீந்திரம்,
15-10-1950.

பொன்னம்மைக்கு ஆசீர்வாதம். இங்கே சுகம். மழை நன்றாகப் பிடித்திருக்கிறது.

அந்த அம்மாள் சொன்னபடியே செய். தொழுவம் வேண்டாம். கிணற்றுக்கு நல்ல வெட்டுக்கல்லாகப் பார்த்துக் கட்டச் சொல். விழிஞ்ஞத்துக்குப் போகும்போது அவளை வெறுங்கையோடு அனுப்பாதே. மைனி ஒரு கம்பளி வாங்கி வைத்திருக்கிறாள், பஸ்ஸில் வரும்.

தாணுமாலயன்.

திருவனந்தபுரம்,
25-1-1951.

மதிப்பிற்குரிய மச்சானுக்குக் கோலப்பன் நமஸ்காரம்.

அரிசிமண்டிக் கணக்கெழுதியே பழகின கை, கடிதம் வராது. பிழை இருந்தால் மன்னிக்கவும். எல்லோரும் சௌக்கியம். மாசி பிறந்ததும் நல்ல நாளில் புதுவீட்டுப் பால்காய்ச்சு வைத்திருக்கிறோம். நீங்களும் அக்காவும், உலகம்மையும் அவள் மாப்பிள்ளையும் அவசியம் வரவேண்டும்.

ஒரு விஷயம். பொன்னம்மை கூப்பிடச் சொல்கிறாள், நீங்கள் வருவதை நினைத்துப் பயப்படவும் செய்கிறாள். வீட்டில் கண்ணாடியைத் திருப்பி வைத்து ஒரு வருஷமாகிறது. புதுவீட்டுக்கு நான் ஒரு கண்ணாடி வாங்கினேன். “இது யாருக்கு?” என்றாள். “எனக்கு முகம் மழிக்க வேண்டாமா?” என்றேன். நீங்கள் வந்தால் அவள் அதில் பார்ப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

கல்யாணத்தில் உங்களிடம் பொய் சொன்ன நாள் முதல் எனக்குக் காப்பியே ருசிக்கவில்லை. இனி ருசிக்கும்.

கோலப்பன்.

கொல்லாவிளை, திருவனந்தபுரம்,
3-3-1951.

அன்புள்ள மைனிக்குப் பொன்னம்மை எழுதுவது.

பஸ் பயணம் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா? நீங்கள் எல்லோரும் வந்துவிட்டுப் போனபிறகு வீடு பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கிறது.

அண்ணன் படலைத் திறந்துகொண்டு வந்தபோது நான் முக்காட்டை இழுத்துவிட்டுத்தான் நின்றேன். “எட்டி, இப்பிடி மெலிஞ்சு போனியே, மாப்பிள்ளை சோறு போடலியா?” என்றார். முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நேரே கிணற்றைப் பார்க்கப் போய்விட்டார். கிணற்றுக்குள் குனிந்து வெகுநேரம் நின்றார். தண்ணீரையா பார்த்தார்? அத்தான் போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினார்.

உலகம்மைதான் என்னை உடைத்துவிட்டாள். என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “அத்தை, எனக்காகவா ஒளிஞ்சிருந்தே?” என்று மடியில் விழுந்தாள். அவள் மாப்பிள்ளை பக்கத்தில் நின்று, “அப்பவே தெரிஞ்சிருந்தா நான் ஒண்ணும் பின்வாங்கியிருக்க மாட்டேன்” என்றார். நல்ல பிள்ளை. அதைக் கேட்க நான் பிழைத்திருந்தேனே என்று இருந்தது.

மறுநாள் தலை சீவும்போது கண்ணாடியில் பார்த்தேன் மைனி. பழகிவிடும்.

செல்லபாய் விழிஞ்ஞத்திலிருந்து வந்து பால் பொங்கியதைப் பார்த்ததும், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதும் எனக்குப் பெரிய கொடுப்பினை.

பொன்னம்மை.

கொல்லாவிளை, திருவனந்தபுரம்,
17-11-1951.

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். நாங்கள் மூன்று பேரும் சுகம். இதைப் படித்துப் பதறவேண்டாம்.

கொத்தனார் தாசையனுக்கு அம்மை போட்டிருக்கிறது. நேமத்தில் வேலைக்குப் போன இடத்தில் வந்திருக்கிறது. ராஜபாய்க்கு இது நிறைமாசம். தெருவில் கூட்டம் கூடிவிட்டது. அவர்களை உடனே வேறெங்காவது அனுப்பவேண்டும் என்று ஒருவர் சத்தம் போட்டார். இங்கே நிற்கிற பத்து வீடும் தாசையன் கட்டியவை.

சேஷன்தான் அவரைத் தடுத்துப் பேசினார். “அந்த மனையை நான் தொழுவத்துக்குக் கேட்டேன். இந்தம்மா தரலை. எனக்கு அப்போ கோபம். இப்போ கேக்கறேன், அது எதுக்காகக் காலியா கிடக்கு?” என்றார். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், கூரை வேய வைத்திருந்த ஓலையைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். பிறகு ஒருவர் கம்பு, ஒருவர் கயிறு. பொழுது சாய்வதற்குள் கொட்டகை நின்றுவிட்டது. ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு, இப்படித் தனியிடம் இருந்தால் இங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார். தெரு முழுக்க அம்மை குத்தியாகிவிட்டது. ராஜபாயை எங்கள் வீட்டு மேற்கு அறையில் வைத்திருக்கிறேன்.

கொட்டகைக்குள் நான் போகிறேன் அண்ணா. ஒருதரம் வந்தவளுக்கு மறுபடி வராது. செல்லபாய்க்கு ஆள் அனுப்பியிருக்கிறோம், அவள் வரும்வரை நான்தான். தாசையனுக்குக் கண் மூடிவிட்டது. நேற்று, “யாரு?” என்று கேட்டார். “பேடிக்காண்டாம், நான் இங்கேதான் இருப்பேன்” என்று என் வாயிலிருந்து தானாக வந்தது. அதைச் சொல்ல எனக்கு ஒரு காலம் வாய்த்ததே என்று பகவானுக்கு நன்றி சொல்லிக்கொண்டேன்.

மைனியிடம் பழைய வேட்டி, சேலை இருந்தால் பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனதாக இருக்கவேண்டும். நீங்கள் யாரும் அலைய வேண்டாம்.

பொன்னம்மை.

சுசீந்திரம்,
19-11-1951.

பொன்னம்மைக்கு ஆசீர்வாதம்.

துணிமூட்டை கட்டியாகிவிட்டது. பஸ்ஸில் கொடுத்தனுப்பப் போவதில்லை. நானும் மைனியும் இன்று காலை மறுபடி அம்மை குத்திக்கொண்டோம். நாளை மறுநாள் காலை வண்டியில் வருகிறோம். பேறுகாலம் பார்த்து மைனிக்குப் பழக்கம் உண்டு, ராஜபாயை அவள் பார்த்துக்கொள்வாள். நடவுக்கு இங்கே ஆள் இருக்கிறார்கள்.

வந்ததும் இலை போட்டு உட்காரவைத்து உபசாரம் செய்யாதே. கிணற்றுக் கயிறு எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டு.

தாணுமாலயன்.